ஒளித்து வைத்த மூன்று வரிசைகள்

அலுவலகத்தில் அவளுக்குக் கட்டம் என்று பெயர். வைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது. எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முதலில் ஒரு தாளை எடுத்துக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால்தான் அவளுக்கு மூச்சு சீராகும். கேன்டீனில் யார் எந்த நாள் காபி வாங்கி வருவது என்பதற்குக்கூட ஒருமுறை கட்டம் போட்டு ஒட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு காபிக்காக யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

அவள் பிழைப்பே கட்டம்தான். பல ஆஸ்பத்திரிகளின் நோயாளிப் பதிவுகள் எல்லாம் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பீரோ உயரத்துக்குக் கறுப்பாக நிற்கும் மெயின்ஃப்ரேம் என்ற ஒரு பெரிய கணினியில் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மெஷின். உள்ளே பதினான்கு குடித்தனம். ஒவ்வொன்றையும் பார்ட்டிஷன் என்பார்கள். பதினொன்று எப்போதும் ஓடும். மூன்று ஸ்டாண்ட்பை, ஓடுவதில் ஏதாவது படுத்துவிட்டால் எழுப்புவதற்காகத் தூங்க வைத்திருப்பவை. பதிவுகளைப் பூட்டவும் திறக்கவும் மெஷினில் ஆறு க்ரிப்டோ கார்டுகள் செருகியிருந்தன. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் எண் போட்ட சின்னச் சின்ன அறைகள். அவற்றுக்கு டொமைன் என்று பெயர். எந்தப் பார்ட்டிஷனுக்கு எந்தெந்தக் கார்டில் எந்த டொமைன் என்று பிரித்துக் கொடுப்பவள் கட்டம்.

விதி ஒன்றுதான். ஒரு கார்டில் உள்ள ஒரு டொமைனை இரண்டு பார்ட்டிஷன்கள் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ள முடியாது. முதலில் எழுந்தது பிடித்துக்கொள்ளும், இரண்டாவதை மெஷின் எழும்பவே விடாது. ஒன்பது வருடத்தில் அவள் போட்ட கட்டத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் நினைப்பாள்.

டொமைனைப் பிரித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு டொமைனுக்குள்ளும் மாஸ்டர் கீ ஏற வேண்டும். அந்தச் சாவி முழுசாக யாரிடமும் கிடையாது. பாதி மீசையிடம், மீதி பாதி சாவியிடம். மீசை பாதுகாப்புப் பிரிவு அதிகாரி, பெயருக்கேற்ற மீசை உள்ளவர். சாவி என்பது கட்டத்தின் தோழியின் பட்டப்பெயர். இருவருக்கும் ஆளுக்கொரு அட்டை, அது பெட்டகத்தில் இருக்கும். அட்டைக்கான பின் நம்பர் அவரவர் தலைக்குள் இருக்கும். இரண்டு பேரும் நேரில் வந்து, ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்காமல் போட்டால்தான் கீ ஏறும்.

"உனக்கு வீட்ல ஒரு புருஷன், ஆபீஸ்ல ஒரு அரைப் புருஷன்" என்று சாவியின் கணவர் கிண்டல் செய்வாராம். சாவி அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "நல்லவேளை, ரெண்டு பேர்கிட்டயும் பின் நம்பரைச் சொல்லல" என்பாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு மேஜை முழுக்கத் தேடுகிற ரகம். பதினோரு வருடமாக அவளும் கட்டமும் ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு. அவள் டப்பாவில் இருப்பது இவளுடையது, இவள் டப்பாவில் இருப்பது அவளுடையது. மூடியைத் திறந்ததும் மாற்றிக்கொள்வார்கள்.

பழைய மெஷினுக்குப் பதிலாகப் புது மெஷின் வந்த திங்கட்கிழமை காலையில் சாவி வந்து கட்டத்தின் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"அண்ணன் ஃபோன் பண்ணான். அப்பாவுக்கு ரெண்டு நாளா சாப்பாடே இறங்கலையாம்."

"அய்யோ. டாக்டர் என்ன சொல்றாரு?"

"வீட்லயே வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாரு." சாவி புடவைத் தலைப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "நாள் பூரா தூக்கமாம். ஆனா காலையில எழுந்ததும் ஒரு மணி நேரம் தெளிவா இருக்காராம். ஆளைத் தெரியுதாம், பேசுறாராம். என்னைக் கேட்டாராம்டி."

"அப்ப கிளம்ப வேண்டியதுதானே? எதுக்கு இங்க உக்காந்திருக்க?"

"எப்படிக் கிளம்புறது? வியாழக்கிழமை கீ ஏத்தணும்னு நீதானே போட்டிருக்க. எனக்கு மாற்று ஆளு வேற ஊருக்கு மாத்தலாகி ரெண்டு மாசமாச்சு. புது ஆளைப் போடற ஃபைலு இன்னும் நம்ம பிரிவுத் தலைவர் மேஜையில தூங்குது."

கட்டம் தன் தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். மெஷின் செவ்வாய்க்கிழமையே தயாராகிவிடும். வியாழன் என்பது அவள் நிதானமாகச் சரிபார்ப்பதற்காக வைத்துக்கொண்ட இரண்டு நாள் இடைவெளி.

"நாளைக்கே ஏத்திடலாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல. புதன்கிழமை காலையில நீ பஸ் ஏறு. சாயங்காலம் அங்க இருப்ப. வியாழக்கிழமை அப்பா கண் முழிக்கும்போது நீ பக்கத்துல இருப்ப. அதுக்கப்புறம் உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

"என் கட்டம் எப்பவாவது தப்பாயிருக்கா?"

சாவி அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

அன்று மதியம்தான் மெஷின் இன்ஜினியர் வந்து, இரண்டாவது கார்டை டிஜிட்டல் கையெழுத்து வேலைக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார். இரண்டாவது கார்டில் இருந்தவர்களை எல்லாம் வேறு கார்டுகளுக்குக் குடி மாற்ற வேண்டியிருந்தது. கட்டம் கணினியில் தன் அட்டவணையைத் திறந்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ரத்தப் பரிசோதனை முடிவுகளின் பார்ட்டிஷன் ஏழாம் டொமைனில் இருந்தது. ஐந்தாவது கார்டில் ஏழாம் டொமைன் காலியாகத் தெரிந்தது. அங்கே போட்டாள்.

காலியாகத் தெரிந்ததற்குக் காரணம் அவளே. போன வாரம் தலைவருக்குக் கொடுக்கும்போது ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று, தூங்கிக்கொண்டிருக்கும் மூன்று ஸ்டாண்ட்பை வரிசைகளை அட்டவணையில் மறைத்து வைத்திருந்தாள். மறைத்தவள் திரும்பக் காட்ட மறந்துவிட்டாள். அந்த மூன்றில் ஒன்று ஐந்தாவது கார்டின் ஏழாம் டொமைனில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கீ அறையில் மூவரும் அடைந்துகொண்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. மூன்று நாற்காலி, ஒரு கணினி, ஒரு சின்ன எண்பலகை, மூலையில் ஒரு கேமரா. கட்டம் பட்டியலைப் பார்த்து வாசிப்பாள். மீசை தன் பாதியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பிறகு சாவி வருவாள்.

"திரும்புடி. எட்டிப் பார்த்தா கண்ணைக் குத்திடுவேன்" என்பாள், இடது கையால் எண்பலகையை மூடிக்கொண்டே.

"உன் பின் நம்பர் எனக்கெதுக்கு? என் வீட்டுப் பீரோ நம்பரே ஞாபகம் இருக்கறதில்ல."

எல்லாம் ஏறி முடிந்தபோது மணி நாலு. மீசை சோம்பல் முறித்தார். சாவி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், கட்டம். கூடுதலா ஒரு டொமைன்லயும் கீ ஏத்தி வச்சுடலாமா? ரெண்டு மூணு கார்டுல. யாருக்கும் கொடுக்காம சும்மா இருக்கட்டும். ஏதாவது ஆச்சுன்னா நீ அதுக்கு மாத்திக்கலாம், என்னைத் தேட வேண்டாம்."

"பத்து நிமிஷ வேலை மேடம், ஏத்திடலாமே" என்றார் மீசை.

கட்டம் பட்டியலை மடித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு? நாளைக்கு ஆடிட்ல கேப்பான், ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குப் பூட்டுன்னு. என் கட்டத்துக்கு ஸ்டெப்னி தேவையில்ல."

மீசை சிரித்தார். சாவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

பின்னாளில் கட்டம் நினைத்து நினைத்துப் பார்ப்பது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். மற்றதெல்லாம் நடந்துவிட்டவை. வரிசைகளை மறைத்ததும் அவசரத்தில் பார்க்காமல் விட்டதும் கைத்தவறு என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியும். இங்கே மட்டும் ஒருத்தி நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள். இவள் வேண்டாம் என்றாள். ஏன் என்றால், கேட்டது தன் கட்டத்தின் மேல் சந்தேகம் போலப் பட்டது. அப்பாவை நினைத்துப் பயந்துகொண்டிருந்தவளின் பயம் அவள் காதில் விழவே இல்லை.

புதன்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் சாவி கிளம்பினாள். பன்னிரண்டரைக்கு ஸ்டாண்ட்பைகளை ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்க்கும் சோதனை. முதலாவது எழுந்தது. இரண்டாவது எழவில்லை. திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: ஐந்தாவது கார்டு, ஏழாம் டொமைன், ஏற்கெனவே பயன்பாட்டில்.

கட்டம் அட்டவணையைத் திறந்து மறைத்த வரிசைகளைக் காட்டச் சொன்னாள். மூன்று வரிசைகள் தாழ்ப்பாள் திறந்தது போல வெளியே வந்தன. மேலே ஏழு, கீழே ஏழு.  யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தாள்.

தலைவர் வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. கோபப்படக்கூடச் சோம்பல் படுகிற மனிதர்.

"என்னம்மா, எழுந்திருக்க மாட்டேங்குதா?"

"கார்டுல ஏதோ தகராறு சார்." சொன்ன பிறகுதான் அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. "ஒன்பதாம் டொமைனுக்கு மாத்தணும். அதுல கீ ஏத்தியாகணும்."

"கீக்காரம்மா ஊருக்குப் போயிட்டாங்களே. அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கலாமா? பழைய மெஷின்தான் இன்னும் ஓடிட்டிருக்கே."

பொறுத்துக்கலாம். அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் மறுநாள் மதியம் பரிசீலனைக் கூட்டம். பதினான்கு பார்ட்டிஷன்கள் திரையில் வரிசையாகத் தெரியும். பதின்மூன்று பச்சை, ஒன்று சிவப்பு. ஏன் சிவப்பு என்று கேட்பார்கள், யாராவது அட்டவணையைத் திறப்பார்கள், ஏழும் ஏழும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

"ஆஸ்பத்திரிப் பதிவு சார். ஸ்டாண்ட்பை இல்லாம விடறது சரியில்ல. அவங்க ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாங்க."

"சரி, நீங்க சொன்னா சரி" என்றார் தலைவர். ஒன்பது வருடமாக அவள் சொன்னால் சரியாகத்தான் இருந்தது.

ஃபோனில் பஸ் இரைச்சல் கேட்டது. சாவி முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு, "என்னடி சொல்ற" என்றாள். 

"கார்டு தகராறா? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"மெஷின்தானே. எப்ப என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காத. பின் நம்பரை ஃபோன்ல சொல்லிடறேன். மீசைக்குத் தெரிய வேண்டாம், நீயே போட்டுக்கோ. வந்ததும் மாத்திக்கிறேன்."

"அதெப்படி? விதின்னு ஒண்ணு இருக்கில்ல? ரூம்ல கேமரா இருக்கு. உனக்கும் வேலை போயிடும், எனக்கும் வேலை போயிடும்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் பிறகு அவளை அரித்தது. பொய் சொல்லிக் கூப்பிட்ட அதே வாயால் விதியைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்திருக்கிறது.

"சரி, வரேன்" என்றாள் சாவி. "டிரைவர் கிட்ட நிறுத்தச் சொல்றேன்."

வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. தோளில் பை அப்படியே இருந்தது. ஏதோ ஒரு சாலையோரத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஒரு மணி நேரம் நின்று, கூட்டமான ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கீ அறையில் திரும்பு என்றோ எட்டிப் பார்க்காதே என்றோ அவள் சொல்லவில்லை. கட்டம் தானாகத் திரும்பிக்கொண்டாள். பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போடக்கூட நிற்காமல் சாவி ஓடினாள். ஆனாலும் கடைசி பஸ் கிளம்பிவிட்டிருந்தது. பஸ் நிலையத்திலிருந்து ஃபோன் செய்து அதைச் சொன்னாள். "பரவால்ல, காலையில முதல் பஸ்ஸுக்குப் போயிடறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று கட்டத்துக்கு இன்றைக்கும் தோன்றும்.

வியாழக்கிழமை கூட்டத்தில் பதினான்கும் பச்சை. தலைவர் அவள் பக்கம் கையைக் காட்டி, "கட்டம்னா கட்டம்தான்" என்றார். நாலு பேர் மேஜையைத் தட்டினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் மீசை நின்றிருந்தார். சாவியின் அப்பா தவறிவிட்டார் என்றார். மதியம் ஒரு மணிக்காம்.

துக்கத்துக்கு அலுவலகத்திலிருந்து ஆறு பேர் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். கட்டம் போகவில்லை. மெஷின் மாற்றும் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றாள். இருந்ததும் உண்மைதான். வீட்டில் கணவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ என்ன வேணும்னா பண்ண? வேலைன்னா அப்படித்தான் இருக்கும். விடு" என்றார். ஆறுதலாகச் சொன்னார். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. யாராவது திட்ட மாட்டார்களா என்று இருந்தது. திட்டினால் பதில் சொல்லலாம், பதில் சொல்லி அழலாம். விடு என்பவரிடம் என்ன செய்வது? எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே இன்னொரு முறை கழுவிக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாவி வேலைக்குத் திரும்பினாள். இளைத்திருந்தாள். காலையில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். கட்டம் கூட்டம் கலையும் வரை காத்திருந்து, கீ பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போனாள். அந்தப் புதன்கிழமை வரியில் கையெழுத்து பாக்கி. பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அன்றிலிருந்து அது காலியாகவே கிடந்தது. அந்த ஒரு கட்டத்தை நிரப்ப அவளுக்குப் பதினாறு நாளுக்கு மேல் பிடித்தது. சாவி திரும்பிய அன்று காலைதான், அலுவலகம் வரும் பஸ்ஸில் மனதுக்குள் பல தடவை எழுதிப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் எழுதினாள்.

சாவி நெற்றியிலிருந்த கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

'ஒதுக்கீட்டில் தவறு. ஸ்டாண்ட்பை வரிசைகள் அட்டவணையில் மறைக்கப்பட்டிருந்ததால் ஐந்தாவது கார்டின் ஏழாம் டொமைன் இரண்டு பார்ட்டிஷன்களுக்குக் கொடுக்கப்பட்டது. கார்டில் கோளாறு எதுவும் இல்லை.'

கீழே கட்டத்தின் கையெழுத்து.

இரண்டு தரம் படித்தாள் போலிருந்தது. அவள் கண் கடைசி வரியில் நிற்பதைக் கட்டம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வியாழக்கிழமை காலையில அப்பா முழிச்சிருக்காரு" என்றாள் சாவி. பதிவேட்டைப் பார்த்தபடியே பேசினாள். "எட்டு மணிக்கு. நல்ல தெளிவாம். வந்துட்டாளான்னு கேட்டாராம். பஸ்ல வந்துட்டிருக்கான்னு அண்ணன் சொல்லியிருக்கான். சரி, வரட்டும்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாராம். நான் போனப்போ பதினொண்ணு. மூச்சு இருந்துச்சு. கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். முழிக்கல."

சாவி பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அன்னிக்குக் காத்திருந்திருக்க முடியுமா?"

"முடியும். சாரே கேட்டாரு, அடுத்த வாரம் பாத்துக்கலாமான்னு. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

சாவி தலையை ஆட்டினாள். யாரோ வழி சொல்லும்போது இந்தத் திருப்பமா, சரி, என்று ஆட்டுவது போல.

"அந்தப் பார்ட்டிஷன் அதுக்கப்புறம் ஓடிச்சா?"

"இல்ல. ஸ்டாண்ட்பை தானே. சோதனைக்கு எழுப்பினதோட சரி. இன்னிவரைக்கும் ஒரு தடவைகூடத் தேவைப்படல."

சாவி பேனாவைத் தேடினாள். கட்டம் தன் பேனாவை நீட்டினாள். அதை வாங்காமல் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போடணும், மேடம்?"

பதினோரு வருடத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கட்டம் விரலால் இடத்தைக் காட்டினாள். அதே இடத்தில் அதற்கு முன் முப்பது நாற்பது கையெழுத்து போட்டவள்தான் சாவி.

அந்தப் பதிவேட்டைக் கட்டமே தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தாள். அதோடு முடிந்துவிட்டது. இன்னும் பெரிதாக ஏதாவது நடக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். மாற்று ஆளைப் போடும் ஃபைல் மட்டும் அந்த வாரமே கையெழுத்தாகி வந்தது. மதியம் சாவி மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, வணக்கம் சொன்னால் வணக்கம் சொன்னாள். கட்டம் தன் டப்பாவைத் திறந்து, தான் சமைத்ததைத் தானே சாப்பிடப் பழகிக்கொண்டாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடம் அதைச் சாப்பிட்ட சாவி சொல்லவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஆறாவது கார்டை மாற்றினார்கள். கட்டம் புதிய அட்டவணை போட்டாள். ஸ்டாண்ட்பை வரிசைகள் மூன்றையும் எல்லாவற்றுக்கும் மேலே, தலைப்புக்கு அடுத்தபடியாக வைத்தாள். ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. கீ அறையில் மறுபடியும் மூவரும் உட்கார்ந்தார்கள். பட்டியல் முடிந்த பிறகும் இரண்டு டொமைன்கள் மிச்சம் இருந்தன. மீசை தன் பாதியைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

சாவி பட்டியலைப் பார்த்தாள். அந்த இரண்டு எண்களுக்கு நேரே பார்ட்டிஷன் பெயர் எதுவும் இல்லை.

"இது யாருக்கு, மேடம்?"

"யாருக்கும் இல்ல. சும்மா இருக்கட்டும்."

சாவி அந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அட்டையைச் செருகி, இடது கையால் எண்பலகையை மறைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் திரும்பிக்கோங்க."

கட்டம் திரும்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் பொத்தான்கள் ஒவ்வொன்றாக அமுங்கும் சத்தம் கேட்டது. எட்டு எண்கள். முதல் தடவையாக அவள் எண்ணிப் பார்த்தாள்.